உப்பில்லாமல் எட்டு வாரம்

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் கையில் பட்டையைச் சுற்றி, படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார்கள். பட்டை உஸ்ஸென்று இறுகியதுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. நர்ஸ் வாய் திறப்பதற்குள், “லோ பிபிதானே கண்ணு? எங்க வூட்டுக்காரருக்கு இருந்துச்சு” என்றேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஒகேனக்கல்லில் நாள் முழுக்கக் குந்தியபடி பரிசல் ஓட்டிவிட்டு, கரை வந்ததும் எழுவீர்கள். உடனே கண் இருட்டித் தள்ளாடுவீர்கள். ஒருநாள் ஆற்றுக்குள்ளேயே சாய்ந்துவிட்டீர்கள். நல்லவேளை, முழங்கால் தண்ணீர். “குடிச்சுட்டு ஓட்டறான்” என்று துறையில் பேச்சு கிளம்பியது. வெற்றிலைகூடப் போடாத மனுஷனைப் பார்த்து! உங்கள் பரிசலில் ஏற ஆள் வரவில்லை. இப்படியே போனால் விற்றுவிட வேண்டியதுதான் என்றீர்கள்.

பென்னாகரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, “பிபியாம்” என்று ஒரே சொல்லில் முடித்தீர்கள். எனக்கு அது போதாதா? பக்கத்து வீட்டு வாத்தியார் பிபி என்று உப்பையே விட்டவர். அன்றே உப்புச் சட்டியை மூடினேன், கருவாட்டை ஒளித்துவைத்தேன். களியும் குழம்பும் சப்பென்று இருக்கும். நீங்களும் பேசாமல் தின்றீர்கள். தலைசுற்றலோ கூடிக்கொண்டே போனது.

எட்டாவது வாரம் நானே உங்களை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, இவருக்கு இருக்கறது லோ பிபி. எழுந்து நின்னா ரத்த அழுத்தம் இறங்கிடுது. உப்பைக் கூட்டிப் போடுங்க, தண்ணி நெறைய குடுங்க. காலை நீட்டி மடக்கிட்டு மெதுவா எழச் சொல்லுங்க.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதன்பின் விடுவேனா? துறையிலேயே நின்று, “காலை ஆட்டுங்க! இருங்க, இருங்க! இப்ப எழுந்திருங்க!” என்று கத்துவேன். மற்ற பரிசல்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! இரண்டே மாதத்தில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினீர்கள். ஆட்களும் திரும்பி வந்தார்கள்.

“உப்பில்லாத சோத்தை ஏங்க வாயத் தொறக்காம தின்னீங்க?” என்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே சண்டைக்கு வந்தேன்.

“நீ அடுப்பாண்ட உக்காந்து அழுதுட்டிருந்த புள்ள. ஏதோ வைத்தியம் பண்றோம்னு உனக்கு ஒரு தெம்பு இருக்கட்டுமேன்னுதான்” என்றீர்கள்.

இப்போது தலை சுற்றினால் எனக்குப் பயமில்லை, என்ன செய்வதென்று தெரியும். நம் மகள்தான் நடுங்குகிறாள். டாக்டர் சொன்னதெல்லாம் போதாதென்று தினமும் ஒரு கஷாயம் காய்ச்சித் தருகிறாள். அதற்கும் பிபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வாயில் வைக்க முடியாத கசப்பு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிடுகிறேன்.