கன்னத்தளவு காற்று

நல்லேப்பிள்ளி
18-6-1974

அன்பு மகள் பூவாத்தாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம், பம்பாயில் உன் சுகத்தையும் மழையையும் பற்றி எழுது. உன் அண்ணிக்குப் போன வியாழக்கிழமை ஆண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம் என்று தந்தி கொடுத்தேன், தந்தியில் அவ்வளவுதான் அடங்கும், மீதி இதில்.

போன வருஷம் உன் ஆஸ்பத்திரியில் மூச்சு விடாத சிசுவுக்கு வாயால் காற்றுக் கொடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டதாக நாலு பக்கம் எழுதினாயே, நர்ஸ் வேலைக்கே போகாதே, போனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொன்ன எனக்கே பாடமா என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை, ரேஷன் கடை ஓரிடம் விடாமல் வாசித்துக் காட்டினேன். தம்ளரில் வாய் வைத்துக் குடிக்காத குடும்பத்துப் பெண் ஊரான் பிள்ளை வாயில் வாய் வைக்கிறாள் என்று நான் சொல்ல, என் சிநேகிதன் குப்பண்ணன் சிரித்து டீயைத் துப்பினான். உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாததால் இது உனக்குத் தெரியாது, நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழன் மதியம், கணக்குக்கு இருபது நாள் முன்னாலேயே அண்ணிக்கு வலி கண்டது. சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் பிடிக்கப் போன உன் அண்ணன் திரும்புவதற்குள் மருத்துவச்சி மருதாத்தாள் கையில் பிள்ளை வந்துவிட்டது, அழுகைதான் வரவில்லை. வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், காதருகே வெண்கலத் தட்டைத் தட்டினாள், பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. வாசலில் நானும் குப்பண்ணனும் ஜாதகத்துக்கு எழுதுவது பிறந்த நேரமா அழுத நேரமா என்று கடிகாரமும் கையுமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தோம். உன் அம்மா வெளியே வந்தாள். "ஏனுங்க, அம்மிணி எழுதுனது உங்களுக்குத்தானுங்க மனப்பாடம், உள்ளே வாங்க" என்றாள். மெய்தான், கேலி செய்து செய்தே ஒரு வரி விடாமல் பதிந்திருந்தது. ஆம்பிளை போகாத அறைக்குள் போனேன். நீ எழுதியிருந்தது இதுதான்: தலையை ரொம்பச் சாய்க்காதே, வாயையும் மூக்கையும் சேர்த்து உன் வாயால் மூடு, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் மெல்ல ஊது, நெஞ்சு எழும்பினால் நிறுத்தி இறங்க விடு, மறுபடி ஊது. ஐந்தாறு தடவை ஊதியதும் பிள்ளை இருமியது, பிறகு அழுத அழுகையில் குப்பண்ணன் கடிகாரத்தைப் பார்க்க மறந்தான், ஜோசியரிடம் கொடுக்கக் குறித்து வைத்த நேரமே இல்லை. இப்போது ஊரில் நான்தான் டாக்டர். மகள் அப்பனிடம் கற்றிருப்பாள் என்று பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுக்கவில்லை.

இனி எழுதுவது உனக்கு மட்டும். முதல் மூச்சு கன்னத்தளவு இல்லை அம்மிணி. ஈன்ற கன்று மூச்சு விடாவிட்டால் நெஞ்சு நிறைய இழுத்து மூக்கில் ஊதிப் பழகிய வாய், பதற்றத்தில் அப்படியே ஊதிவிட்டது. அந்தச் சின்ன நெஞ்சு குபீரென்று எழும்பிய பிறகுதான் உன் எழுத்து ஞாபகம் வந்தது. சித்தூர் டாக்டர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார், ஆனால் இதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது. யாரும் இல்லாதபோது அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறேன், பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு டியூட்டிக்கு ஓடாதே, மாரியம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள். லீவு கேட்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ. நீ கேட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல், உன் வாயால் சொன்னால்தான் நம்புவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சென்னிமலை