முதல்ல யாரு பேசுறது?

அடியே குட்டிச்சாத்தான்,

இது எழுத்து, பேச்சு இல்ல. உன்கூட நான் இன்னும் டூதான்! சாப்பாடு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோ. அம்மா டூட்டி முடிஞ்சு வர லேட்டாகும்.

நீ முடிவைப் போட்டு உடைச்ச அந்த நாவலை வீம்புக்குன்னே முழுசாப் படிச்சேன். ஒரே ரூம்ல முகத்தைத் திருப்பிக்கிட்டுத் திரியற அக்கா தங்கச்சி! நம்மள ஒளிஞ்சிருந்து பாத்து எழுதியிருக்காங்கடி. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. அதுல அக்காதான் இறங்கி வந்து முதல்ல பேசுறா. அது கதை. நான் மாட்டேன்.

பி.கு: என் சாவியை வேணும்னே ஆணியிலயே விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவேன். "யாரு?"ன்னு கேக்காம திறக்கக் கூடாது, அம்மா கட்டளை. கேட்டா நீதான் முதல்ல பேசினவ!

இன்னொண்ணு: கதவு ஓட்டை வழியா எட்டிப் பாக்கலாம்னு நினைக்காத. வெளிப்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்.