நட்சத்திரக் குறியும் 742 பேரும்

1 ஜூலை 2024, திங்கள்

பள்ளி ஒன்றுகூடலுக்கு அழைப்பு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. கிள்ளானில் எங்களோடு படித்தவர்கள், படிப்பித்தவர்கள் என்று 742 பெயர்கள். வேலை முடிந்த பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸிலேயே உட்கார்ந்து அந்தப் பட்டியலில் என் பழைய தோழி தனலெட்சுமியைத் தேடினேன். இல்லை. அவள் அப்பா பக்கிரிசாமியின் பெயரைத் தட்டினேன். அதுவும் இல்லை.

கிடைத்தால் என்ன செய்யப் போகிறாய், ரமணி?

3 ஜூலை, புதன்

எழுதியே விடுகிறேன். படிவம் ஐந்து, பள்ளியின் கடைசி வருஷம், கணக்குத் தாள். எட்டாம் கேள்விக்கு எனக்கும் தனத்துக்கும் ஒரே தப்பு விடை. "யார் யாரைப் பார்த்து எழுதினது?" என்று லூசி டீச்சர் கேட்டார். "தனம்தான்" என்றேன். பாதித் தாளை அவளைப் பார்த்து எழுதியவள் நான்! அவள் மாணவத் தலைவி; அந்த பிரிஃபெக்ட் பேட்ஜைக் கழற்றிவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. முப்பத்தைந்து வருஷம்.

ஒரே ஒரு மின்னஞ்சல். அவளுக்கு மட்டும்.

4 ஜூலை, வியாழன்

பக்கத்து மேசை கால்வினிடம் கேட்டேன். "அக்கா, பேரை அப்படியே தேடாதீங்க. அதோட வடிவத்தைத் தேடுங்க" என்றான். Packirisamy, Pakkirisamy, Pakirisami எல்லாம் அந்த ஒரே மனிதர்தானாம். கேள்விக்குறி போட்டால் முன்னாலிருக்கும் எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். k+ என்றால் k ஒரு முறையாவது வர வேண்டும், எத்தனை முறை வந்தாலும் சரி. சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும்.

Pac?k+irisam[iy]

பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருக்கிறது. ஆனால் மூன்று பக்கிரிசாமிகளும் இதில் அடக்கம்!

5 ஜூலை, வெள்ளி

கால்வின் லீவு. பொருந்தும் பெயருக்கு மட்டும் அஞ்சல் போகும்படி நானே செய்தேன். பாதுகாப்புக்காக முழுவதையும் பிறை அடைப்புக்குள் போட்டு, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தேன். 'தனம், அன்னிக்கு பார்த்து எழுதினது நான்தான். மண்ணிச்சிடு. ரமணி.' எத்தனை பெயர் பொருந்தியது என்றுகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

6 ஜூலை, சனி

காலையில் முப்பத்தொரு பதில்கள்.

யாரோ பரமேஸ்வரனாம்: "நான் தனம் இல்ல. ஆனா மன்னிச்சிட்டேன் லா."

ஐயோ. ஐயோ. எல்லாருக்கும் போயிருக்கிறது! 742 பேருக்கும்!

8 ஜூலை, திங்கள்

கால்வின் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். "அக்கா, நட்சத்திரம்னா பூஜ்யம் தடவை வந்தாலும் ஓகே. பக்கிரிசாமி ஒரு தடவைகூட வராத பேரும் பொருந்தும்."

"அப்படின்னா?"

"உலகத்துல இருக்கிற எல்லா பேரும்."

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு + போட்டான். 742 மூன்றாகக் குறைந்தது. இரண்டாவது: Danaletchmy a/p Packirisamy, அதாவது பக்கிரிசாமி மகள், ஊர் செமினி. நான் T போட்டுத் தேடியிருக்கிறேன், பெயரின் முதல் எழுத்தே D! மறுபடி அனுப்பவா என்றேன். "அவங்களுக்கும்தான் போயிடுச்சே, அக்கா."

10 ஜூலை, புதன்

லூசி டீச்சரின் பதில். "ரமணி, மன்னிப்புக்கு ரெண்டு சுழி ன. நீ மூணு சுழி போட்டிருக்கே. அன்னிக்கு நான் இன்னும் நல்லா விசாரிச்சிருக்கணும். அது என் தப்பு."

கடைசி வரியில் அழுதேன். முதல் வரிக்காகக் கொஞ்சம் கூடுதலாக.

14 ஜூலை, ஞாயிறு

தனத்திடமிருந்து ஒன்றும் இல்லை.

21 ஜூலை, ஞாயிறு

ஒன்றுகூடல். யாரைப் பார்த்தாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "742 பேர்ல நான் எத்தனாவது?"

தனம். முடி முழுக்க நரைத்துவிட்டது. குரல் அதே குரல்.

அவளே பேசினாள். "எட்டாம் கேள்வி எனக்கு வரல. அதை மட்டும் நான்தான் உன்னைப் பார்த்து எழுதினேன். போயும் போயும் உன்னை நம்பி!"

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"நான் பிரிஃபெக்ட் லா. எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. "ஆனா என் பேரைச் சொன்னே பாரு, அது வலிச்சுச்சு ரமணி." ஆமாம் என்றேன். அப்புறம் அவள் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

24 ஜூலை, புதன்

தனம் ஃபோன் செய்தாள். ஒரு மணி நேரம். எழுதி வைக்கும்படி ஒன்றும் பேசவில்லை.