ஊழியத்துக்கும் ஊதியத்துக்கும் ஓரெழுத்து

இன்று காலை ஆஸ்பத்திரி வரவேற்புக் கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் சுவரிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "மேடம், இது வேணுமா, குப்பையில போட்டுரவா?" ரத்தப் பரிசோதனைக்கு இடப்பக்கம், எக்ஸ்ரேக்கு மாடி, மருந்துக்கு மூன்றாம் சன்னல். உருண்டை உருண்டையான உன் கையெழுத்து. போட்டுவிடுங்கள் என்றேன். அவர் போன பிறகுதான் உனக்கு எழுதத் தோன்றியது. நீ இருந்தபோது சொல்லாததை, நீ படிக்க முடியாத நேரத்தில் எழுதுகிறேன். என் தைரியம் எப்போதும் இவ்வளவுதான்.

கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு நான் இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து அலுவலக மேலாளர் ஆனேன். நீ ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் பதினான்கு வருஷம் கிளார்க்காக இருந்தாய். கொரோனா காலத்தில் அங்கே ஆட்களைக் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே உன் பெயர். நாற்பத்து மூன்று வயதில் வேலை கேட்டு நீ ஏறி இறங்காத படியில்லை. போன இடமெல்லாம், "இப்ப எங்க வேலை பாக்குறீங்க?" என்றுதான் கேட்டார்கள். வேலையில் இருப்பவளுக்குத்தான் வேலை கிடைக்கும் என்று புரிந்துபோய், நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து என்னிடம் வந்தாய்.

"இப்ப காலியிடம் இல்லடி. ஆனா உதவி மேசையில தன்னார்வலரா வந்து உக்காரு. உள்ள இருக்கவதான் முதல்ல கண்ணுல படுவா" என்றேன். அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னேன். பின்னால் சொன்னவற்றுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

மூன்று வருஷம் வந்தாய். உசிலம்பட்டியிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் வந்து, கையில் சீட்டோடு திகைத்து நிற்கிற கிழவிகளை, "அப்பத்தா, அம்புட்டுத் தூரம் நடக்க வேணாம், இதுல உக்காருங்க" என்று சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாய். காப்பீட்டுப் படிவத்தில் நீ கைவைத்தால் அது திரும்பி வராது. ஆண்டு விழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்தி, பலன் கருதாத ஊழியம் என்று பேசினார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதில், "ஊழியத்துக்கும் ஊதியத்துக்கும் ஒரு எழுத்துதான்டி வித்தியாசம். அது எப்ப மாறும்?" என்றாய். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அந்த எழுத்தை மாற்றுகிற நாளும் வந்தது. உதவி மேசைக்குச் சம்பளத்தோடு ஒரே ஓர் இடம் அனுமதித்தார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினீர்கள். ஒன்று நீ. இன்னொன்று, உன் பக்கத்தில் நான்கு மாதம் தன்னார்வலராக இருந்த இருபத்து நான்கு வயதுப் பெண். படிவம் நிரப்ப நீதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவள் முந்தின வாரமே என்னிடம் வந்து, "இங்க செஞ்ச அனுபவத்தப் பாத்துட்டு வேற ஆஸ்பத்திரில கூப்பிடுறாங்க மேடம்" என்று சொல்லியிருந்தாள். நீ அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

நிர்வாகக் குழுவில் செயலாளர் கேட்டார்: "மூணு வருஷமா வர்றவங்களுக்குக் கொடுக்கிறதுதானே நியாயம்?"

நான் சொன்னேன்: "சின்னவளுக்குக் கொடுக்கலைன்னா போயிருவா சார். இவங்க எங்கயும் போக மாட்டாங்க. அவளுக்குக் கொடுத்தா ரெண்டு பேருமே நமக்கு இருப்பாங்க."

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யாரும் என்னிடம் அந்த யோசனையைக் கேட்கவும் இல்லை. செயலாளர் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

உன்னிடம் வந்து, "எம்புட்டோ பேசிப் பாத்தேன்டி. வயசக் காரணம் காட்டிட்டாங்க" என்றேன். நீ அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பேசிருப்பன்னு எனக்குத் தெரியாதா? என்னால உனக்கு அங்க சங்கடமாயிருச்சோ?" என்று கேட்டாய். மறுநாள் எட்டரைக்கெல்லாம் வந்து, உன் நாற்காலியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். நான் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது.

வருகிறவர்களையெல்லாம், தள்ளிப்போடாதீங்க, இன்னைக்கே காட்டிருங்க என்று விரட்டிய நீ, உன் வயிற்று வலியை ஒரு வருஷம் தள்ளிப்போட்டாய். கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. ஊழியர்களுக்கென்று இருக்கிற அறையில் உனக்கு ஒரு படுக்கை கிடைக்குமா என்று உன் மகள் வந்து கேட்டாள். ஊழியர் பட்டியலில் உன் பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்துச் சொன்னவள் நீ பழக்கிவிட்ட அந்தப் பெண்தான். சொல்லும்போது அழுதாள். நான் அழாமல் விதியை எடுத்துக்காட்டினேன்.

பொது வார்டில் பதினோராம் நாள் நீ போனாய். அதற்கு முந்தின நாள், நான் நின்றுகொண்டிருக்கும்போதே மகளிடம் சொன்னாய்: "வேலைக்கு ஏதும்னா பெரியம்மாகிட்டப் போ. எனக்காக அம்புட்டுப் பேசுனவ."

போன வாரம் அவள் வந்தாள். பி.காம் முடித்து ஒரு வருஷமாகிவிட்டது. "அம்மா இருந்த மேசையில நானும் கொஞ்ச நாள் சும்மா வந்து செய்யிறேன் பெரியம்மா. அப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசுனா கிடைச்சிரும்ல?"

"வேணாம்."

"ஏன்? இடம் இல்லையா?"

சும்மா வருகிறவர்களுக்கு இங்கே எப்போதும் இடம் இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும். அம்மா அவளுக்கு விட்டுப்போன நம்பிக்கையை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். கெட்டுப்போவது என் பெயர் என்பது எனக்குத் தெரியும். "இந்தப் பக்கமே வராத. சம்பளம் குடுக்கிற இடமாப் பாத்துப் போ" என்றேன். குரல் நாயை விரட்டுவதுபோல வந்தது.

அவள் எழுந்தாள். "அம்மா உங்களப் பத்தி வேற மாதிரில்ல சொன்னாங்க" என்றாள். நம் ஊரில் கிளம்புகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்வார்கள். அவள், "போறேன்" என்றாள்.

நீ தந்துவிட்டுப் போன நன்றியும் அவள் வைத்துவிட்டுப் போன கோபமும் என்னிடம் இருக்கின்றன. கோபத்தைச் சுமக்க முடிகிறது.