மச்சினன் சுட்ட மான்

மார்கழி 20, ஞாயிறு.

எரிச்சல் அடங்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் மான் சுட்டு, பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்து படம் அனுப்பினான். குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இடித்து நிரப்பும் துப்பாக்கி. வயலில் காட்டுப்பன்றி விரட்ட நான் லைசென்ஸ் வைத்திருக்கும் அதே வகை. தம்பி பெருமையை மனைவி ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். அவள் போனில் சார்ஜ் இல்லையாம், என் போனில் வைத்தாள்.

அதைப் பார்த்துவிட்டுக் காலையில் வனக்காவலர் நான் வேலை செய்யும் பீங்கான் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"என் துப்பாக்கி எலக்‌ஷனுக்குக் குடுத்தது சார். இன்னும் ஸ்டேஷன்லதான் இருக்குது" என்றேன்.

"அப்ப யாரு துப்பாக்கியில சுட்டீங்க?"

விளக்கினேன். அங்கே மான் வேட்டைக்கு அரசே நாள் குறிக்கிறது. பழைய துப்பாக்கியில் மறுகுண்டு நிரப்புவதற்குள் மான் ஓடிவிடும் என்று, அதை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில நாள் விட்டார்கள். ஆள் சேரச் சேர நாளும் கூடியது. இப்போது அந்தத் துப்பாக்கியிலேயே குறி பார்க்கும் கண்ணாடியும் வந்துவிட்டது.

"துப்பாக்கிக்கு சீசனா? மாம்பழமாய்யா அது?"

ஷெட்டே சிரித்தது. லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் என்னாத்தக் கண்டேன்? பாவம், மொதமொத சுட்டிருக்கான்" என்கிறாள் மனைவி.

சற்றுமுன் மச்சினன் பேசினான். "மாமா, இந்த வருசம் சீசன ஒரு வாரம் கூட்டிட்டாங்க. இன்னொண்ணு சுட்டா ஒங்களுக்குத்தான் மொதப் படம்."

கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் மலர்ந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறேன்.