முகமும் காரும்

செப்ரெம்பர் 5, வெள்ளி

காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி. ஒன்பதாம் வகுப்புக் கணிதக் கொப்பிகள் நாற்பத்தொன்று, ஒன்றும் திருத்தவில்லை.

ரொறன்ரோவிலிருந்து தம்பி அனுப்பிய கமரா வந்துவிட்டது. போன கிழமை வேலையாகக் கொழும்புக்குப் போன கீழ்வீட்டுச் சிவநேசன்தான் எடுத்துவந்தார். மருந்துக் கம்பனிப் பிரதிநிதி, பருத்தித்துறை ஆள். அவரும் மனைவி வசந்தியும் கண்டியில் என் வீட்டில் குடியிருந்து மூன்று வருஷம். "ரீச்சர், மூண்டு செக்பொயின்ற். மூண்டிலையும் பெட்டியைத் திறந்து பார்த்தவங்கள்" என்றார்.

உள்ளே தம்பி எழுதிய துண்டு: "அக்கா, திகதி, நேரம் எல்லாம் செற் பண்ணிட்டன். நீங்கள் அமத்தினாச் சரி."

அமத்தினாச் சரியாம். கூடவே நூற்றெண்பது பக்கப் புத்தகம், இங்கிலிஷில்.

6, சனி

மழை. கொப்பி பதினொன்று. அரிசி, கருவாடு வாங்கினேன், பனடோல் மாத்திரை மறந்தேன்.

எஃப் என்றால் லென்சின் துளை. எண் சிறிதானால் துளை பெரிது. முப்பது வருஷம் பின்னம் படிப்பித்தவளுக்கு இது விளங்க அரை நாள் பிடித்தது. எஃப் 1.8 வைத்தால் முகம் மட்டும் தெளிவு, பின்னால் எல்லாம் கலங்கும். சினிமாப் படம் மாதிரி. நல்லாய் இருக்கிறது.

பக்கம் 62: கிட்ட இருப்பதும் தூர இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழ என்ன செய்வது. நித்திரை வந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம்.

7, ஞாயிறு

ஒருவழியாக வெயில். முன்வீட்டில், பண்டார என்ற சிங்களக் குடும்பத்தில், மகளின் கல்யாணம். எனக்கும் கார்ட் தந்திருந்தார்கள். வீட்டிலிருந்து மணமகள் புறப்படும் சுபநேரம் 8.12. நிமிஷக் கணக்கு அவர்களுக்குத் தப்பாது.

சிவநேசன் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டு நின்றார். அவரைத்தான் எடுத்துப் பழகினேன். இருபத்தாறு படம். பின்னால் றோட்டு, பூக்கட்டிய கார், சனம் எல்லாம் பஞ்சாய்க் கரைய, முகம் மட்டும் மீசை மயிர் தெரிய விழுந்தது. எனக்கே பெருமை. வசந்தி எட்டிப் பார்த்து, "கலியாண நாளிலை எடுத்த படத்திலைகூட இவர் இவ்வளவு வடிவில்லை ரீச்சர்" என்று சிரித்தாள்.

ஒன்று பழுது. கார் வெளிக்கிடும் நேரம் ஃபோகஸ் பின்னுக்குத் தாவிவிட்டது. காரும் மணமகளும் தெளிவு, சிவநேசன் சாம்பல் பூசினாற்போல. அழிக்கப் பார்த்தேன், எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. கிடக்கட்டும்.

8, திங்கள்

பாடசாலை. தொண்டை கட்டிவிட்டது. கமராவைத் தொடவில்லை.

10, புதன்

மீண்டும் மழை. பின்னேரம் வசந்தி படியில் ஏறி வந்தாள்: "கம்பளை றோட்டிலை இவரைப் பொலிசுக்காரர் மறிச்சு ஏத்திக்கொண்டு போட்டாங்களாம் ரீச்சர்."

தேத்தண்ணீர் போட்டேன். இருவரும் குடிக்கவில்லை.

11, வியாழன்

லீவு. பொலிசுக்குக் கொண்டுபோனவை: அடையாள அட்டைப் பிரதி, குடியிருப்புப் பதிவுத் துண்டு, கம்பனிக் கடிதம், விவாகப் பதிவு. வாங்கில் உட்கார்ந்து நாலு மணித்தியாலம். ஆளைக் காட்டவில்லை.

நாங்கள் பிடித்த லோயர் விசாரித்துச் சொன்னார்: ஞாயிறு காலை கொழும்பில் பொலிஸ் சந்தேகப்படும் ஒரு வீட்டில் இவர் இருந்ததாக யாரோ வாக்குமூலமாம். "கண்டியிலை நிண்டதுக்கு அத்தாட்சி வேணும். மனிசியின்ரை சொல் எடுபடாது. வீட்டுக்காரி எண்டு உங்கடை சொல்லும் மட்டுமட்டுத்தான்."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. என்னிடம் இருபத்தாறு படம் இருக்கிறதே.

12, வெள்ளி

மார்க்கற்றுக்குப் பக்கத்து ஸ்ரூடியோ. முதலாளி முருகேசு கம்பளைப் பக்கத்து ஆள். கொம்பியூட்டரில் போட்டதும் அவர் முகம் சுருங்கியது. "டீச்சர், இதுல சனிக்கெழம ராத்திரி பத்தே முக்கால்னுல்ல காட்டுது."

ரொறன்ரோ நேரம். தம்பி அங்கே செற் பண்ணியதை நான் பார்க்கவே இல்லை.

"மாத்திறலாம் டீச்சர். ரெண்டு நிமிஷம். யாரு பாக்கப் போறா?"

மாற்றச் சொல்ல வாய் உன்னியது. உண்மைதானே. ஆனால் பிடிபட்டால் அந்த உண்மையும் பொய்யாகிவிடும். வேண்டாம் என்றேன்.

லோயருக்கு ஃபோன். "ரொறன்ரோ நேரமெண்டு விளங்கப்படுத்த வெளிக்கிட்டா, கனடாவிலை ஆர், ஏன் அனுப்பினவர் எண்டு அது வேறை கதையாப் போகும். படத்துக்குள்ளையே நாளைக் காட்டுற ஏதும் இல்லையோ?"

கல்யாணக் கார்! சுபநேரக் கார்ட் வீட்டில் இருக்கிறது. முருகேசு பெரிதாக்கினார். பஞ்சு. அடுத்ததும் பஞ்சு. இருபத்தைந்திலும் நான் பெருமைப்பட்ட அதே பஞ்சு. என்னை நானே அடிக்க வேண்டும் போலிருந்தது.

பழுதான அந்த ஒன்றில் கார் இலக்கம்கூட வாசிக்கலாம். முன்னால் நிற்பது ஆம்பிளை என்று தெரியும், அவ்வளவே.

13, சனி

பண்டார வீட்டு அம்மா மறுக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்: ஞாயிறு 8.12க்குக் கார் வெளிக்கிட்டது. சிவநேசனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்த மகளைத்தான் பார்த்ததாகச் சொன்னார். பொய் சொல்லும் மனிசி இல்லை. அதுதான் கஷ்டம்.

முகம் தெளிந்த படம் ஒன்று, பழுதான படம், கடிதம், மூன்றும் லோயரிடம்.

16, செவ்வாய்

பனடோல் இரண்டு. கொப்பி முப்பது மிச்சம்.

லோயர் வந்தார். குடையை மடிக்காமலே சொன்னார். "ஒரு படத்திலை ஆள் இருக்கு, நாள் இல்லையாம். மற்றதிலை நாள் இருக்கு, ஆள் இல்லையாம். ஆளைக் கொழும்புக்குக் கொண்டுபோட்டாங்கள். அங்கை பார்ப்பம்."

அவர் போனபின் வசந்தி, அவர் திருப்பித் தந்த இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி இருந்தாள். கலங்கியதை விரலால் தொட்டாள். "இதுவும் இவர்தான். நிக்கிற நிலையிலையே தெரியுது." பிறகு, குற்றம் சொல்வதுபோல் இல்லாமல், சும்மா கேட்பதுபோல்: "ஏன் ரீச்சர், முகமும் காரும் ரெண்டும் தெரியிற மாதிரி எடுக்கவே ஏலாதோ?"

ஏலாது பிள்ளை என்றேன்.

பக்கம் 62. எஃப் 11. இன்றைக்குத்தான் வாசித்தேன்.