பட்டினி போடாத செல்கள்

துர்க்கு,
புதன்கிழமை

அன்புள்ள இர்யாவுக்கு,

வெய்க்கோ எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். நேற்று ஃபோனில் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, நேப்பிள்ஸ் வெயிலுக்குத் தொப்பி எடுத்துப் போனாயா என்று கேட்டு வைத்தேன். வாயில் வராததை மின்னஞ்சலில் எழுதுகிறேன். நாளை கருத்தரங்கில் மேடை ஏறுமுன் படித்துவிடு.

யுஹன்னுஸ் நடுக்கோடை விடுமுறைக்கு முன், நம் ஆய்வகத்தின் தைராய்டு செல்களை என்னிடம் ஒப்படைத்தாயே, அவற்றைப் பட்டினி போட வேண்டியவன் நான். சீரம், இன்சுலின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்தான், பிறகு கொடுக்கும் வளர்ச்சிக் காரணி செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றுகிறதா என்று தெரியும். எனக்குத் தெரியாததா? ஆனால் எல்லாரும் ஏரிக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வருவதற்குள் செல்கள் செத்துப்போனால் உன்னிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று இன்சுலினை மட்டும் விட்டுவைத்தேன்.

ஏரிக்கரையில் சவுனா நீராவிக் குளியலில் நீ கேட்டாய், "எல்லாத்தையும் எடுத்துட்டியா, இல்ல உன் சோம்பேறித்தனத்தைக் காட்டிட்டியா?" என்று. நம் ஊர் வழக்கப்படி மூச்சை உள்ளே இழுத்து ஒரு "யோ" போட்டேன். அதை ஆமாம் என்று நம்பி நீ சூட்டுக் கல்லில் தண்ணீரை ஊற்றினாய். வெட்கங்கெட்டவன் நான்.

அந்தச் செல்களில்தான் அளந்தாய். காரணியைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கால்சியம் ஒரே அளவு. இன்சுலின் முன்பே ஏற்றிவிட்டிருந்தது, அதற்கு மேல் ஏற இடமில்லை. நீயோ, "காரணி கால்சியத்தை ஏத்தும்னு ஹெல்வி இத்தனை வருஷமா சொன்னது தப்புடா!" என்று குதித்தாய். உன்னைக் கைபிடித்து இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் ஹெல்வி. நாளை கருத்தரங்கில் உன் எதிரே உட்கார்ந்திருப்பார். உன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு நாக்கு எழவில்லை. இன்சுலினால் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வாரம் முறையாகப் பட்டினி போட்டுச் செய்து பார்த்தேன். காரணி பட்டதுமே கால்சியம் ஏறி, செல்கள் திரையில் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஹெல்வி சொன்னதுதான் சரி. காலையில் ஆய்வகத் தலைவர் ஸ்டென்னிடம் ஒப்புக்கொண்டேன். "பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காப்பிக் கோப்பையோடு எழுந்து போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கால்சியம் ஏறவில்லை என்று நீ வரைந்த அந்தப் படத்தை மேடையில் காட்டாதே, இர்யா. ஏன் என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். புருஷன் என்றும் சொல், மறைக்காதே. சிரிப்பார்கள், என்னைத்தானே.

உன் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஹெல்வியின் முகத்தில் நீ விழிக்க முடியாமல் போய்விடக் கூடாது. படித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. திட்ட வேண்டியதை வீட்டுக்கு வந்து திட்டு. வீட்டுக்கு வா.

வெட்கத்துடன்,
உன் வெய்க்கோ